ரசிகர் கையிலே நூல்

சங்கீத ரசிகர் இருவர் சந்தித்தால் பேச்சு எதைப் பற்றியதாக இருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. நேற்றுக் கேட்ட தோடி, என்றோ கேட்ட கல்யாணி, இன்ன வித்துவானுக்குச் சாரீரம் முன்போல் இல்லையே என்ற அனுதாபம் ஆகிய இவையே. ஒலிப்பதிவுகள் கைக்குக் கை தாராளமாக மாறுகின்றன. ஆனால், "தாங்கள் இப்போது என்ன நூல் படிக்கிறீர்கள்?" என்று ஒருவரையொருவர் வினவும் ரசிகர் மிகச் சிலரே. காதினால் நுகரும் கலைக்குக் கண்ணால் ஆவது யாது என்று எண்ணுகின்றனர் போலும்!

இதன் விளைவை நமது வீடுகளிலேயே காணலாம். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குப் பிள்ளைகள் தரம் தரமாகத் தோற்றுகின்றனர். மும்மூர்த்திகளின் பிறந்த ஆண்டும் முத்திரையும் மனப்பாடம். அவர்கள் எத்தகைய மனிதர்கள் என்று கேட்டாலோ பிள்ளை விழிக்கிறது. குற்றம் பிள்ளையுடையதன்று. அதன் கையிலே கொடுக்கப்பட்டது வினாவிடைக் குறிப்பு மாத்திரமே.

அத்தகைய பிள்ளைக்கு முதலிற் கொடுக்கத்தக்கவை டாக்டர் உ. வே. சாமிநாதையரின் நூல்கள். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவரின் சரித்திரத்தையும் அவர் கதை சொல்வதுபோல் எழுதியிருக்கிறார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பலமுறை நடந்தார். சொற்பிழை மலிந்த நூலுக்குப் பாயிரம் தருவதாவது என்று புலவருக்குத் தயக்கம். ஒரு நாள், பிள்ளையவர்கள் பகலுறக்கத்தில் இருக்கையிலே, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைத் தாமே பாடலானார். விழித்துக் கேட்ட புலவரின் நெஞ்சம் உருகியது, பாயிரமும் பிறந்தது. இதனைப் படித்த பிள்ளை அடுத்த முறை நந்தனார் கீர்த்தனை பாடும்போது சுரக்குறிப்பை மாத்திரம் நினைக்குமா?

பெரியோருக்கு அதே ஆசிரியரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்து, 1942 இல் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்ற நூல் அது. பாரதியாரிடம் சங்கீதம் பயின்ற இளைஞர், தம் தமிழாசிரியருக்கு அது உவப்பில்லை என்று அறிந்து பயிற்சியையே கைவிட்டதை அதிலே காணலாம். தமிழுக்கு வந்த இலாபத்தை நாம் அறிவோம். சங்கீதத்துக்கு ஏற்பட்ட நட்டத்தை யாரே கணக்கிட வல்லார்?

நாவல் விரும்புவோருக்குத் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' இருக்கிறது. கும்பகோணத்து ரங்கண்ணாவிடம் பாபு சங்கீதம் கற்கும் பகுதிகளில் தம்பூராவின் நாதம் எழுத்திலே கேட்கிறது. ஆயினும் கதையின் போக்கைக் கருதி, வளர்ந்தோர் கையிலேயே இதனைக் கொடுக்க வேண்டும். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பா'ளை 1968 இல் வந்த திரைப்படமாக மட்டும் அறிந்தவர் பலர். தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்த யாழ்ப்பாணத்தில், கோவில் வீதியில் விடிய விடிய மேளக் கச்சேரி கேட்ட குடும்பங்கள், நாவலிலேயே அதிக சுவை காணும் என்பது என் துணிபு.

இனி, நம் மண்ணுக்கு உரிய நூல். காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகள், சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் துணைக்கொண்டு, வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தை மீட்க முயன்றார். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். அவர் சிலையைச் சுட்டிப் பெருமை பேசும் நம்மில் எத்தனை பேர் அந்நூலைத் திறந்து பார்த்திருக்கிறோம்? தஞ்சையில் மருத்துவராய் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், சுருதி 22 அன்று, 24 என வாதிட்டு 1917 இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தையும் இதனோடு வைத்துப் படிக்கலாம். வாதிடுவதில் விருப்பமுள்ள ரசிகர்களுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போதும்!

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பைக் கண்ட நாட்டிலே, வீட்டு அலுமாரியிற் கிடக்கும் ஒரு பழைய இசை நூலைப் படித்துவிட்டு அயலாருக்குக் கொடுப்பது சிறு காரியமன்று. இரவல் போன நூல் திரும்புவதில்லை என்ற மனக்குறை நியாயமானதே. முதற் பக்கத்திலே பெயரையும், கொடுத்த திகதியையும் எழுதி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

யாழ் நூலின் கணக்கைக் கண்டு மலைப்போர் முதல் இயலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. அதன் ஏழு இயல்களில் ஆறாவது தேவாரவியல். நாள்தோறும் விளக்கேற்றித் தேவாரம் பாடும் வீட்டினர் அங்கே தொடங்கலாம். ஒருவர் வாசிக்க, மற்றவர் அந்தப் பண்ணைப் பாடிப் பார்க்கலாம்.