சிக்னல் போனால் ட்ரோன் தானாகத் திரும்புமா? சோதித்த பிறகே பறக்கவிடுங்கள்

கல்யாண மண்டபம், தேர்த் திருவிழா, மருந்து தெளிக்கும் வயல் என ட்ரோன் பறக்காத இடம் இன்று குறைவு. விற்பவரும் இயக்குபவரும் தவறாமல் சொல்லும் ஒரு வாக்குறுதி உண்டு: "சிக்னல் போனாலும் பயமில்லை, தானாக வந்துவிடும்." வரும்தான். ஆனால் ஜிபிஎஸ் கிடைக்க வேண்டும், செட்டிங்ஸ் சரியாக இருக்க வேண்டும், வழியில் மரமோ கம்பியோ குறுக்கிடக் கூடாது, பேட்டரியில் சார்ஜ் மிச்சமிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த ட்ரோன் யார் தலையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. 10 லிட்டர் மருந்தோடு பறக்கும் விவசாய ட்ரோனின் எடை 20 கிலோவைத் தாண்டும்.

எங்கே தவறுகிறது?

கிளம்பும்போது போதிய செயற்கைக்கோள்கள் கிடைத்தால், அந்த இடத்தை ட்ரோன் 'ஹோம் பாயிண்ட்' என்று குறித்துக்கொள்ளும். ரிமோட்டின் தொடர்பு சில நொடிகள் அறுந்தால், முன்பே அமைத்த உயரத்துக்கு ஏறி, ஹோம் பாயிண்டுக்கு வந்து இறங்கும். இதற்கு 'ரிட்டர்ன் டு ஹோம்' என்று பெயர்.

முதல் ஆபத்து உயரத்தில் இருக்கிறது. பல விவசாய ட்ரோன்களிலும் சொந்தமாகப் பூட்டிய ட்ரோன்களிலும் உள்ள ஆர்டுபைலட் மென்பொருளில், திரும்பும் உயரம் ஆரம்பத்தில் 15 மீட்டர் என்றே இருக்கும். நன்கு வளர்ந்த தென்னை 20 மீட்டரைத் தாண்டும். செட்டிங்கை மாற்றாமல் தோப்புக்கு அப்பால் பறக்கவிட்டால், திரும்பும் வழியில் ட்ரோன் மரத்தில் மோதக்கூடும். இந்த உயரம் பொதுவாகக் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. மலையடிவாரத்தில் கிளப்பி மேட்டுப் பக்கம் அனுப்பினால், திரையில் காட்டும் 60 மீட்டர் அங்கே 10 மீட்டராகக்கூட இருக்கலாம்.

இரண்டாவது, ஹோம் பாயிண்ட். ஜிபிஎஸ் கிடைக்கும் முன்பே அவசரமாகக் கிளப்பினால் அது தவறான இடத்தில் பதியும், அல்லது பதியாமலே போகும். ஓடும் படகிலிருந்து கிளப்பிய ட்ரோன், படகு நகர்ந்துபோன பின் பழைய இடத்துக்கே வந்து தண்ணீரில் இறங்கும்.

மூன்றாவது, சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற 'ஃபெயில்சேஃப்' செட்டிங். திரும்பு, அங்கேயே நில், இருக்குமிடத்தில் இறங்கு என்று பல ட்ரோன்களில் தெரிவுகள் உண்டு. ஏரிக்கு மேலே 'இறங்கு' என்றால் ட்ரோன் தண்ணீருக்குள் போகும். கேமரா காட்சியைப் பார்த்தபடி ஓட்டும் எஃப்பிவி ட்ரோன்களில் பரவலாக உள்ள பீட்டாஃப்ளைட் மென்பொருளில், நாமாக மாற்றாவிட்டால், மோட்டார் நின்று ட்ரோன் அப்படியே கீழே விழும். ரிமோட்டின் சிக்னலைப் பெறும் சில ரிசீவர்களில் 'கடைசிக் கட்டளையைத் தொடர்' என்ற அமைப்பு இருக்கும். இதுதான் மிகவும் கொடியது. தொடர்பு அறுந்ததே ட்ரோனுக்குத் தெரியாமல் பறந்துகொண்டே போகும்.

முன்னால் இருப்பதைப் பார்த்து விலகும் சென்சார் உள்ள ட்ரோன்களையும் முழுதாக நம்ப முடியாது. மெல்லிய மின்கம்பியும் கேபிள் வயரும் அவற்றின் கண்ணில் படுவது அரிது. இருட்டில் இன்னும் கடினம்.

சோதிக்கும் முறை

1. முதலில் தரையில். ப்ரொப்பல்லர்களைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். ட்ரோனை ஆன் செய்து, ரிமோட்டை அணைத்து, ஃபெயில்சேஃப் வேலை செய்வதாகத் திரையில் காட்டுகிறதா என்று பாருங்கள். ரிமோட்டை அணைத்துச் சோதிக்கலாமா என்பதை உங்கள் மாடலின் கையேட்டில் படித்துக்கொள்ளுங்கள்.

2. ஆளும் மாடும் வண்டியும் இல்லாத வெட்டவெளியைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். ஹோம் பாயிண்ட் பதிந்த பிறகே கிளப்புங்கள். சுற்றிலும் உள்ள உயரமான மரம், டவர் எதுவோ அதையும் தாண்டித் திரும்பும் உயரத்தை அமையுங்கள்.

3. ரிமோட்டை அணைக்கும் முன், ரிட்டர்ன் டு ஹோம் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஏறி, திரும்பி, சரியான இடத்தில் இறங்கினால் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

4. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிறுத்தி, ரிமோட்டை அணையுங்கள். ட்ரோன் சில நொடிகள் நின்ற பிறகே திரும்பத் தொடங்கலாம். வேறு திசையில் நகர்ந்தால் உடனே ரிமோட்டை ஆன் செய்யுங்கள். திரை பொருத்திய ரிமோட் மீண்டும் இயங்கச் சற்று நேரமாகும் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள்.

5. கட்டுப்பாட்டை மீட்கும் விதத்தையும் பழகுங்கள். ஆர்டுபைலட்டில் சிக்னல் திரும்பி வந்தாலும் ட்ரோன் தானாகப் பழைய நிலைக்கு மாறாது. மோட் சுவிட்சை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

மென்பொருளைப் புதுப்பித்தாலோ ரிசீவரை மாற்றினாலோ மறுபடி சோதியுங்கள். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் திரும்பும் உயரத்தைச் சரிபாருங்கள். காற்றை எதிர்த்துத் திரும்பும்போது பேட்டரி வேகமாகக் கரையும் என்பதால், காற்றடிக்கும் திசையிலேயே வெகுதூரம் அனுப்பாதீர்கள்.

இயக்குபவரின் கடமை

'ட்ரோன் விதிகள், 2021' நாடு முழுவதற்கும் பொருந்தும். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலம் 400 அடி உயரம் வரைதான். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிதான். 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோன் தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பாதிக்கப்பட்டால்

ட்ரோன் மோதிக் காயமோ சேதமோ ஏற்பட்டால் முதலில் சிகிச்சை. பிறகு ட்ரோனையும் அதன் பதிவு எண்ணையும் படம் எடுத்துவிட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அலட்சியச் செயலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவில் தண்டனை உண்டு. பலத்த காயம் ஏற்பட்டிருந்தால் 3 ஆண்டு வரை சிறை. மூன்றாம் தரப்புக் காப்பீடு, இழப்பீடு தொடர்பான மோட்டார் வாகனச் சட்டப் பிரிவுகள் ட்ரோனுக்கும் பொருந்தும். ஆகவே காப்பீட்டு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கிய ட்ரோன், எல்லாம் சரியாக அமைத்தும் திரும்பவில்லை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்களுக்குத் துணை. பொருளில் குறை இருந்தால் மட்டுமல்ல, போதிய அறிவுறுத்தலும் எச்சரிக்கையும் தராததால் தீங்கு நேர்ந்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சிலர் மிரட்டுவார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. கல்யாண வீடியோ எடுக்கும் இளைஞரும் மருந்து தெளித்துச் சம்பாதிக்கும் பெண்ணும் தயங்காமல் கேட்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீர்வு இல்லையென்றால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடருங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ரசீது, கையேடு, ட்ரோனில் பதிவான ஃப்ளைட் லாக் மூன்றும் முக்கியமான சாட்சிகள். லாக்கைப் பிரதி எடுத்து வைக்கும் முன் ட்ரோனை சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள்.

ட்ரோன் வாங்குபவர்கள், அது திரும்பி வருவதை வெறும் சொல்லால் அல்லாமல் வெளியில் பறக்கவிட்டுக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். விழாவுக்கு அமர்த்துபவர்கள், முன்பணம் தரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: காப்பீடு இருக்கிறதா? ஃபெயில்சேஃப் சோதித்தீர்களா? பதில் இல்லையென்றால், கூட்டத்தின் மேல் அந்த ட்ரோனைப் பறக்க விடாதீர்கள்.