இயற்கை எருவில் காரட்டுப் பயிர்: இரகத் தேர்வு

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளைவதை யாவரும் அறிவர். இவற்றோடு காரட்டு என்னும் மஞ்சள் முள்ளங்கியையும் இரசாயன உரமின்றிப் பயிரிட விரும்பும் குடியானவர்கள், முதற்கண் இரகத்தைத் தீர்மானித்தல் அவசியம். எருவின் குறையை அடுத்த போகத்தில் நிவர்த்தி செய்யலாம். பொருந்தாத இரகத்தை விதைத்தால் அவ்வருஷத்துப் பணமும் உழைப்பும் வீணாம்.

காரட்டில் இரு ஜாதிகள் உண்டு. நான்ட்ஸ், சான்டனே முதலிய ஐரோப்பிய ஜாதிக்குக் குளிர் வேண்டும். குளிர் பெறாவிடில் பூத்து விதை கட்டாது. உதகை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஊட்டி 1 மலைப்பிரதேசத்துக்கு உரியது. ஆசிய ஜாதி வெப்பத்தை ஓரளவு தாங்கும். நாட்டுச் சிவப்பையும் நான்ட்ஸையும் கலந்து உண்டாக்கிய பூசா கேசர், 2008-இல் வெளியான பூசா ருதிரா ஆகியவை இதைச் சார்ந்தவை. ஆயினும் நம் சந்தையில் ஆரஞ்சு நிறக் கிழங்கையே மக்கள் விரும்புவதால், சிவப்பு இரகத்தை விதைக்குமுன் வியாபாரியிடம் விசாரித்துக்கொள்வது நலம்.

வேருக்கு நல்ல நிறமும் வடிவும் அமைய 15 முதல் 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் ஏற்றது. ஆதலின் தாளவாடி மலைப்பகுதியில் நான்ட்ஸ், ஊட்டி 1 ஆகியவற்றைக் கருதலாம். கோபிச் சமவெளியிலோ, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும், வெப்பந்தாங்கும் குரோடா போன்றவற்றைச் சிறு அளவில் பரீட்சை செய்தல் தகும்.

மண்ணையும் நோக்குக. நீண்ட நான்ட்ஸுக்கு ஆழ்ந்து பொலபொலத்த மணல் கலந்த வண்டல் வேண்டும். சற்றே இறுகிய நிலத்தில் குட்டையான சான்டனே தேறும். மஞ்சள் விளைந்த நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு தங்கியிருக்கக்கூடும். அதில் உடனே காரட்டு விதைத்தல் ஆகாது. நீர் தேங்கி நின்ற நெல் வயலில் அப்புழு குறையும். புதுச் சாணம் இட்டால் வேர் கிளைத்துவிடும். நன்கு மக்கிய தொழுவெருவையே இடுக.

இயற்கைச் சான்று பெறக் கருதுவோர், சாயமும் மருந்தும் பூசிய விதையை விலக்க வேண்டும். ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்குமுன் 2 ஆண்டு மாறுதற் காலமும் உண்டு. வீரிய ஒட்டு இரகத்தின் விதையைச் சேமித்தால் அடுத்த தலைமுறை தாயை ஒத்திராது.

ஏக்கருக்குச் சுமார் 1½ கிலோ விதை செல்லும். முதலாண்டில் 3 இரகங்களை ஒரே பாத்தியில் அருகருகே சென்டு வீதம் விதைத்து, முளைப்பு, கிளைத்த வேர், எடை, விற்ற விலை ஆகியவற்றைக் கணக்கிலெழுதுக. கிராம அதிகாரிகள் அறுவடை நாளில் அண்டை அயலாரையும் வரவழைத்துக் காட்டுவாராயின், ஒருவர் செலவில் ஊரார் பலரும் பயனடைவர்.