இருபது ஆண்டுகள் கழித்து, சிகிச்சை பெற்ற முழங்கால் எப்படி இருக்கிறது?

எலும்பு முறிந்தால் கூடிவிடும். தோல் கிழிந்தால் மூடிவிடும். குருத்தெலும்பு கெட்டால் கெட்டதுதான் என்று வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் லண்டனில் 1743-லேயே எழுதிவைத்தார். குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுத் திரவத்திலிருந்து ஊறிவரும் சத்தை உண்டு வாழும் மிகச் சில செல்கள்தான் அதன் உயிர். முழங்காலில் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள இந்த வழுவழுப்பான பூச்சுதான் நம் உடல் எடையைத் தாங்குகிறது.

ஹன்டரின் தீர்ப்பை மாற்ற ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 1987-ல் ஒரு முயற்சி தொடங்கியது. லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க் குழுவினர் நோயாளியின் முழங்காலில் எடை அதிகம் விழாத ஓரத்திலிருந்து துளியளவு குருத்தெலும்பை எடுத்தார்கள். அதன் செல்களை ஆய்வகத்தில் சில வாரங்கள் வளர்த்துப் பெருக்கி, பள்ளம் விழுந்த இடத்தில் செலுத்தி, எலும்பின் மேலுறையால் தைத்து மூடினார்கள். 23 பேரிடம் கண்ட முடிவு 1994-ல் வெளியானது. தொடை எலும்பின் முனையில் சிகிச்சை பெற்ற 16 பேரில் 14 பேர் நலம். முழங்கால் சில்லில் பெற்ற 7 பேரில் இருவர் மட்டுமே நலம்.

ஆனால் அது தொடக்கக் கால நிலவரம். மூட்டுக்கோ பல பத்தாண்டு உழைப்பு காத்திருக்கிறது.

அந்த ஸ்வீடன் குழு, சிகிச்சைக்குப் பின் 10 முதல் 20 ஆண்டுகள் கடந்த 341 நோயாளிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. 2010-ல் வெளிவந்த கணக்கின்படி, பதில் அனுப்பிய 224 பேரில் 92 சதவீதத்தினர் திருப்தி என்றார்கள். மனம் குளிரும் எண்தான். ஆனால் மூன்றில் ஒருவர் பதில் தரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிகிச்சை பெற்ற குழுவும் இல்லை.

அந்த ஒப்பீட்டைச் செய்தது பக்கத்து நாடான நார்வே. 80 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 40 பேருக்குச் செல் சிகிச்சை. மற்ற 40 பேருக்கு, பள்ளத்தின் அடியிலுள்ள எலும்பில் சிறு துளைகளிட்டு, கசியும் மஜ்ஜையிலிருந்து தழும்பு போன்ற திசுவை வளரவிடும் எளிய முறை. ஐந்தாம் ஆண்டில் இரு பக்கமும் 9 தோல்விகள். பதினைந்தாம் ஆண்டு வாக்கில் செல் சிகிச்சையில் 17, துளை முறையில் 13. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் செலவும் சிக்கலும் மிகுந்த சிகிச்சை முந்தவில்லை என்பது தெளிவு. எக்ஸ்ரேயில் இரு பிரிவிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது.

கனடாவின் டொரன்டோவில் ஆலன் கிராஸ் குழுவினரின் வழி வேறு. இறந்தவர் தானமளித்த முழங்காலிலிருந்து குருத்தெலும்பை அடி எலும்போடு சேர்த்தெடுத்துப் பொருத்தினார்கள். பலருக்குக் காலின் வளைவையும் கூடவே நிமிர்த்தினார்கள். அப்படிப் பொருத்தியதில் 10 ஆண்டுகளில் 91 சதவீதமும், 20 ஆண்டுகளில் 69 சதவீதமும், 25 ஆண்டுகளில் 59 சதவீதமும் நிலைத்தன. இவர்களையும் நார்வே நோயாளிகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. ஆனால் ஒரு பாடம் உண்டு: காலின் வளைவு சரியில்லாவிட்டால், வைத்த குருத்தெலும்பும் பழையது போலவே தேயும். பள்ளத்தை மட்டும் அடைத்தால் போதாது. பள்ளம் விழுந்த காரணத்தையும் தீர்க்க வேண்டும்.

இந்தச் சிகிச்சைகள் முதுமையில் மூட்டு முழுதும் தேய்ந்தவர்களுக்கானவை அல்ல. விளையாட்டிலோ விபத்திலோ ஓரிடத்தில் மட்டும் சேதமடைந்த இளவயதினருக்கானவை. அப்படிப்பட்டவர் மருத்துவரிடம், ‘எப்போது நடப்பேன்?’ என்பதோடு நிறுத்தக் கூடாது. ‘பதினைந்து ஆண்டுகள் கழித்து என்னைப் போன்றவர்கள் எப்படி இருக்கிறார்கள்? என் கால் நேராக இருக்கிறதா? எளிய முறை எனக்குப் போதுமா?’ என்றும் கேட்க வேண்டும்.

நார்வேயில் செல் சிகிச்சை பெற்ற 40 பேரில் பதினைந்தாம் ஆண்டு வாக்கில் செயற்கை மூட்டுக்குப் போனவர்கள் 6 பேர். முப்பது வயதில் அடிபட்டவர் நாற்பத்தைந்திலும் சொந்த மூட்டோடு நடப்பது சிறிய லாபம் அல்ல. இந்தச் சிகிச்சையை வாழ்நாள் தீர்வு என்று சொல்லி விற்காமல், இத்தனை ஆண்டு அவகாசம் என்று சொல்லித் தருவதே நேர்மையான மருத்துவம்.