பின்சுவரோரம் நிற்கும் சகோதரி



மும்பை மின்ரயிலில் மூவர் அமரும் பலகையில் நான்காமவருக்கும் இடம் கொடுப்பது நீங்கள் அறிந்த வழக்கம். சற்று நகரும்படி கேட்டால் எவரும் மறுப்பதில்லை. ஆயினும் அப்படிக் கேட்க அஞ்சி, டோம்பிவிலியிலிருந்து தாதர்வரை தினமும் நின்றே பயணம் செய்கிற ஒரு சகோதரியை அறிவேன். அவருக்கு முழங்கால் வலி உண்டு. தாம் அமர்ந்தால் பிறர் முகம் சுளிப்பார்களே என்கிற வலி அதைவிடப் பெரியது. சபையிலும் பின்சுவரோரமே நிற்பார். பிளாஸ்டிக் நாற்காலி முறிந்துவிடுமோ என்னும் பயம். நானோ அதைப் பக்தி என்று எண்ணியிருந்தேன்!

உடல் பருத்தோரின் மனக்கவலை வெளியே தெரிவதில்லை. விருந்தில் பிறர் பார்க்கிறார்களே என்று கால்வயிறு உண்பார்கள். இரவில் தனிமையில் பசியும் துக்கமும் சேர்ந்து உண்ணவைக்கும். விடிந்ததும் குற்ற உணர்வு. காதுவலிக்குப் போனாலும் எடையைப் பற்றியே பேசுவார்கள் என்றஞ்சி மருத்துவரைத் தவிர்ப்பார்கள். ஊருக்குப் போனால் முதல் விசாரிப்பே உடம்பைப் பற்றியதுதான்.

போஜனப்பிரியர் என்று தீர்ப்பிடுவது எளிது. தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு மருந்துகள், சில மனநல மருந்துகள், இரவுப் பணியால் கெடும் தூக்கம் ஆகியவையும் எடையைக் கூட்டும். எடை குறைத்து ஓராண்டு கடந்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் தணிவதில்லை என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. பருமன் மனச்சோர்வுக்கும், மனச்சோர்வு பருமனுக்கும் வழிவகுக்கிறது என்பதும் அறியப்பட்டதே. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நகரங்களில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் அதிக எடையுள்ளவர்.

என் தவற்றையும் சொல்லவேண்டும். ஏலியைக் குறித்துப் பிரசங்கிக்கையில் அவனுடைய பருமனை வேடிக்கையாக வருணித்தேன். சபை சிரித்தது. அச்சகோதரி மூன்று ஞாயிறு வரவில்லை. 1 சாமுவேல் 3:13ஐ மறுபடி வாசித்தேன். தன் குமாரரை அடக்காததே அங்கு சொல்லப்படும் குற்றம், அவனுடைய எடையன்று. அவர் வீட்டிற்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். பருமனால் வரும் ஆபத்தை நான் மறைக்கவில்லை. துக்கம் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் 14416 என்னும் அரசின் டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். ஜெபிக்கிறவர்கள் அழைக்கலாகாது என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

சென்ற மாதம் சபையில் இரண்டு நீண்ட மரப்பலகைகள் வாங்கிப் போட்டோம். யாருக்காக என்று அறிவிக்கவில்லை. முதலில் பாட்டிமார் அமர்ந்தார்கள். மூன்றாம் ஞாயிறு அவரும் அமர்ந்தார்.