இல்ல ஆய்வறையில் தமிழ்க் கணினிக் கருவிகள்: தெரிவும் பயன்பாடும் (இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார ஆய்வுகளை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் ஆய்வாளர் தம் இல்லத்தில் பயன்படுத்தும் தட்டச்சு மென்பொருள், வருடி, எழுத்துணரி, ஒலிப்பதிவுக் கருவி, சேமிப்பகம் ஆகியவற்றை எந்த அளவுகோலால் தெரிவு செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கருவி தரும் வசதிகளின் எண்ணிக்கையைவிட, அக்கருவி இல்லாத நிலையிலும் ஆய்வுத்தரவைப் படிக்கவும் தேடவும் இயலுமா என்பதே முதன்மை அளவுகோல் என்பது இதன் கருத்து. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்ப்பெயர்களையும் அவ்வட்டாரத்து ஆய்வுக்களங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இது நிறுவப்படுகிறது.

திறவுச் சொற்கள்: ஒருங்குறி, குறியாக்கம், விசைப்பலகை, எழுத்துணரி, கோப்பு வடிவம், காப்புப் படி.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி அமைந்த அண்டை நகரங்கள் இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த தலமாகிய திருவில்லிபுத்தூரில் அரையர் சேவை இன்றும் தொடர்கிறது. 1875இல் தொடங்கப்பெற்ற பென்னிங்டன் நூலகமும் இங்குள்ளது. சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கிய பூ.ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்திற்கு வழங்கியது இராசபாளையத்தில் ஆகும். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜுக்களின் இருமொழி வழக்கு, நூற்பாலைத் தொழிலாளர் பேச்சு, அருகிலுள்ள சத்திரப்பட்டியின் மருத்துவத்துணி நெசவில் வழங்கும் தொழிற்சொற்கள் எனக் கள ஆய்வுக்கு உரிய பொருள்கள் இவ்வட்டாரத்தில் பலவாகும்.

இத்தகைய களங்களில் திரட்டப்படும் தரவுகள் பெரும்பாலும் ஆய்வாளரின் வீட்டுக் கணினியிலேயே தங்குகின்றன. பெருநகர நிறுவனங்களில் கணினிப் பிரிவும் தொழில்நுட்ப உதவியாளரும் இருப்பர். வீட்டில் தெரிவு, பயன்பாடு, பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஆய்வாளர் ஒருவரின் பொறுப்பாகின்றன. எனவே தெரிவில் நேரும் பிழை, பல ஆண்டுத் தரவை எவரும் பயன்படுத்த இயலாததாக ஆக்கிவிடக்கூடும்.

குறியாக்கம்: முதல் அளவுகோல்

1980களிலும் 1990களிலும் உருவான தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்துக்கொண்டவை. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பினை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். கணினியைப் பொறுத்தவரை அக்கோப்பில் தமிழ் என்பதே இல்லை. இணையத்தில் பரிமாறிக்கொள்வதற்கென உருவான திஸ்கி, 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணைய மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் ஆகியன இக்குழப்பத்தைக் குறைக்க முயன்ற தரப்பாடுகள். தமிழ்நாடு அரசு 2010 சூன் மாதத்தில் ஒருங்குறியையும் டேஸ்-16 என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் தரப்பாடுகளாக அறிவித்தது. இன்று இணையத்திலும் கைப்பேசியிலும் பொதுவழக்காக நிலைபெற்றிருப்பது ஒருங்குறியே. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் திஸ்கியில் வெளியிட்ட மின்பதிப்புகளைப் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியது இம்மாற்றத்திற்குத் தக்க சான்றாகும்.

ஒருங்குறியில் தமிழுக்குப் பதின்ம எண்முறையில் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ‘க’ என்பதன் எண் 2965. எழுத்துருவை மாற்றினாலும் இவ்வெண் மாறாது. பழைய எழுத்துருவில் எழுத்துருவே மொழியாக இருந்தது. ஒருங்குறியில் எழுத்துரு வெறும் உடை. பழைய எழுத்துருவில் அமைந்து பிடிஎஃப் ஆக்கப்பட்ட ஆய்வேடு திரையில் நல்ல தமிழாகத் தோன்றும். ஆனால் அதனுள் ஒரு சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை. மேற்கோளைப் படியெடுத்து ஒட்டினால் சிதைகிறது. ஆய்வேடுகள் மின்வடிவில் பொதுவில் வைக்கப்படும் இக்காலத்தில், தேடலில் அகப்படாத ஆய்வேடு அடுத்த ஆய்வாளரின் கவனத்திற்கு வருவதும் அரிது.

பழைய கோப்புகளை வைத்திருப்போர் மாற்றி மென்பொருள்களால் அவற்றை ஒருங்குறியாக்கலாம். மாற்றும்போது இரண்டினைக் கருத வேண்டும். மூலக்கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். தமிழுடன் ஆங்கிலம் கலந்த பக்கங்களில் ஆங்கிலச் சொற்களும் தமிழ் வடிவங்களாக மாறிவிடும் ஆதலின் அவற்றைத் தனியே பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். மாற்றிய பின்னும் மூலக்கோப்பினை அழித்தல் கூடாது.

ஊர்ப்பெயர் என்னும் சோதனை

ஒருங்குறியில் எழுதிய அளவிலேயே சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. திருவில்லிபுத்தூரின் மற்றொரு வடிவமான ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதையே சான்றாகக் கொள்ளலாம். இதன் முதலெழுத்தை இரு வகையாக உள்ளிட இயலும். ‘ஸ’ (எண் 3000) என்பதை அடிப்படையாகக் கொண்ட ஸ்ரீ ஒன்று. 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ‘ஶ’ (எண் 2998) என்பதை அடிப்படையாகக் கொண்ட ஶ்ரீ மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். கணினிக்கோ அவை இருவேறு எண்தொடர்கள். ஒன்றைக் கொண்டு தேடினால் மற்றொன்று கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இதனைக் கொகரச் சிக்கலுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ‘கொ’ என்பதில் வரும் குறியை ஒரே குறியாகவும் (3018) ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் (3014, 3006) உள்ளிடலாம். இவ்விரண்டும் சமம் என ஒருங்குறியே வரையறுத்துள்ளது. எனவே ‘இயல்பாக்கம்’ எனப்படும் செயல்பாட்டினால் மென்பொருள் அவற்றை ஒன்றாக்கிவிடும். ஸ்ரீயின் இரு வடிவங்களுக்கும் அத்தகைய சமன்பாடு இல்லை. ஆய்வாளரே ஒன்றைத் தேர்ந்து, தம் கோப்புகள் அனைத்திலும் சீராக்க வேண்டும்.

ஔகாரத்திலும் இவ்வாறே. ‘பௌத்தம்’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுப் ‘பெளத்தம்’ என எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் பின்னது ‘பெ’, ‘ள’, ‘த்’, ‘த’, ‘ம்’ என ஐந்தெழுத்தாகவே கணினியால் கொள்ளப்படும். சொல்லடைவு, அகரவரிசை, சொல்லெண்ணிக்கை ஆகிய மூன்றும் இதனால் பிழைபடும்.

இவற்றின்மேல் எழுத்துமரபு வேறுபாடும் உண்டு. ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம் என மூன்று வடிவங்களும் அச்சில் வழங்குகின்றன. மூலநூலின் வடிவத்தை மாற்றுதல் ஆய்வறமன்று. ஆதலின் மூலத்தை உள்ளவாறே பதிந்து, குறிப்புப் பகுதியில் ஒரு பொதுவடிவத்தை இணைத்தல் சிறந்த முறையாகும். தேடல் பொதுவடிவத்தைக் கொண்டு நிகழும். மேற்கோள் மூலவடிவத்தில் நிற்கும்.

விசைப்பலகை: கைப்பழக்கமும் கோப்பின் இயல்பும்

விசைப்பலகை அமைப்பும் குறியாக்கமும் ஒன்றெனக் கருதுவோர் உளர். அவை வெவ்வேறானவை. தட்டச்சுப் பொறியில் பயின்ற மூத்த பேராசிரியர் அதே விசையமைப்பைக் கொண்டே ஒருங்குறியில் எழுத இயலும், இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள் பல விசையமைப்புகளுக்கு இடந்தருகின்றன. எனவே ஒருங்குறிக்கு மாறுவதற்குப் பழைய கைப்பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை.

புதிதாகப் பயிலும் ஆய்வு மாணவர்க்குத் தமிழ்99 அமைப்பு பொருத்தமானது. உயிரும் மெய்யும் தனித்தனி விசைகளாக அமைய, அவற்றின் சேர்க்கையால் உயிர்மெய் பிறக்கும் இவ்வமைப்பு தமிழ் எழுத்திலக்கணத்தோடு ஒத்தது. ஒரே மெய்விசையை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். ‘புத்தூர்’ என்பதில் தகர விசையை இருமுறை அழுத்துவதே போதுமானது. இன எழுத்துகள் அடுத்து வரும் ‘ங்க’, ‘ந்த’, ‘ம்ப’ போன்றவற்றிலும் இவ்விதி செயற்படும். ஆங்கில ஒலிப்புவழி உள்ளிடும் முறை விரைவில் பழகத்தக்கது எனினும், லகர ளகர ழகரங்களையும் ரகர றகரங்களையும் பிரித்தெழுதத் தனிக்கவனம் வேண்டும்.

வருடியும் எழுத்துணரியும்

அச்சுநூலைப் படமாக்கித் தேடத்தக்க பனுவலாக மாற்றுவதற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் செறிவு பொதுவாகப் போதுமானது. டெம்மி அளவுப் பக்கம் 5.5 அங்குல அகலமும் 8.5 அங்குல உயரமும் உடையது. இச்செறிவில் அது 1650 × 2550, அதாவது ஏறத்தாழ 42 இலட்சம் புள்ளிகளாகும். இன்றைய கைப்பேசிகளின் 120 இலட்சம் புள்ளிக் கேமரா எண்ணிக்கையளவில் இதற்கு மிகுதியானதே. ஆகவே புள்ளி எண்ணிக்கைக்காக விலையுயர்ந்த கருவி வாங்க வேண்டியதில்லை. பக்கம் வளையாமை, நிழல் விழாமை, கை நடுங்காமை ஆகிய மூன்றே பயனை முடிவுசெய்கின்றன. ஒரு சிறு தாங்கியும் இருபுற வெளிச்சமும் இவற்றை நிறைவு செய்யும். கட்டுத் தளர்ந்த பழைய நூலைத் தட்டை வருடியில் கவிழ்த்து அழுத்துவதைவிட மேலிருந்து படமெடுப்பது நூலுக்கும் பாதுகாப்பானது. நூலகத்தில் படமெடுக்கும் முன் உரியவரின் இசைவு பெறுதல் வேண்டும்.

எழுத்துணரிகளுள் டெசராக்ட் 2005இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது, வீட்டுக் கணினியிலேயே இணையமின்றி இயங்குவது, தமிழையும் அறியும். கூகுள் போன்ற நிறுவனங்களின் இணையவழிச் சேவைகளும் தமிழ்ப் பக்கங்களைப் பனுவலாக்குகின்றன. ஆனால் அவற்றில் படம் பிறரது கணினிக்குச் செல்கிறது. பொதுவுடைமையான அச்சுநூலுக்கு இது தடையன்று. தகவலாளியின் பெயரும் முகவரியும் உள்ள களக்குறிப்பு, குடும்பங்கள் நம்பிக் கொடுத்த ஆவணம் ஆகியவற்றை அவ்வாறு அனுப்புதல் தகாது.

எவ்வகை எழுத்துணரியாயினும் மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. ரகரமும் காலும், தமிழ் எண் ௧ என்பதும் ககர எழுத்தும் தம்முள் மயங்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட நூல்களில் ணை, லை, ளை, னை முதலியன பழைய வடிவில் இருப்பதால் பிழை மிகும். சீர் பிரித்து அச்சிட்ட பாசுரப் பதிப்புகளில் சொல் எங்கு முடிகிறது என்பதையும் மென்பொருள் அறியாது. திருப்பாவையின் 30 பாசுரங்களை ஒருவர் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்ப்பது, பழம்பதிப்பை எழுத்துணரிக்கு அளித்துத் திருத்துவதைவிட எளிதாகக்கூடும். பெருந்தொகுதிக்கே எழுத்துணரி உழைப்பை மிச்சப்படுத்தும். இவ்வேறுபாட்டைச் சில பக்கங்களில் ஒப்பிட்டறிந்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.

ஒலிப்பதிவு

வாய்மொழி வழக்காறு, வட்டாரப் பேச்சு, இசையோடு கூடிய சடங்கு ஆகியவற்றைப் பதிவு செய்வோர் சுருக்கப்படாத வேவ் வடிவத்தைத் தெரிவு செய்தல் நன்று. நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஒற்றைத்தடம் என்னும் அமைப்பில் ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ 318 மெகாபைட் ஆகும். இதனை நொடிக்கு 128 கிலோபிட் அளவுள்ள எம்பி3 ஆக்கினால் 58 மெகாபைட்டாகக் குறையும். அவ்வாறு நீக்கப்பட்ட ஒலிக்கூறுகளை மீட்க இயலாது. ஒலியன் ஆய்வுக்கோ ஆவணக்காப்புக்கோ மூலப்பதிவு வேவ் ஆகவே இருக்கட்டும். கேட்பதற்கும் அனுப்புவதற்கும் எம்பி3 படியொன்றை உருவாக்கிக்கொள்ளலாம்.

கோப்பு வடிவமும் காப்பும்

ஆய்வுத்தரவு ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் மட்டும் வாழ்தல் கூடாது. லிப்ரே ஆபீஸ் பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவம் 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் அமைப்பு பொதுவில் விளக்கப்பட்டுள்ளமையால் பிற மென்பொருள்களும் அதனைத் திறக்கும். கட்டுரையை எதில் எழுதினும், அதன் எளிய உரைக்கோப்பு ஒன்றைச் சேர்த்து வைத்தல் வேண்டும். சொற்பட்டியலுக்கு எளிய அட்டவணைக் கோப்பே போதுமானது.

காப்புக்கு மூன்று படி, இருவகை ஊடகம், வேற்றிடத்தில் ஒன்று என்பது நிறைவான விதி. வீட்டுக் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்திலோ வேற்றூர் உறவினர் வீட்டிலோ ஒன்று என இதனை நிறைவேற்றலாம். கணினியுடன் எப்போதும் இணைந்தேயிருக்கும் வன்தட்டு மின்னலுக்கும் நச்சுநிரலுக்கும் கணினியோடு சேர்ந்தே இரையாகும் ஆதலின், படியெடுத்ததும் அதனைக் கழற்றி வைத்தல் வேண்டும்.

தெரிவுக்கு ஐந்து சோதனைகள்

புதிய மென்பொருளையோ கருவியையோ ஏற்குமுன் பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. ஸ்ரீவில்லிபுத்தூர், பௌத்தம், கொற்கை, ஔவை ஆகிய சொற்களைக் கொண்ட ஒரு பத்தியை அதில் எழுதிச் சேமித்தல்.
2. அக்கோப்பினை அம்மென்பொருள் இல்லாத வேறொரு கணினியிலும் கைப்பேசியிலும் திறத்தல்.
3. அங்கு அச்சொற்களைத் தேடுதல்.
4. பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டுதல்.
5. இணையத்தைத் துண்டித்த நிலையில் பணி தொடர்கிறதா எனக் காணுதல்.

முதல் நான்கில் ஒன்றில் தவறினும் அக்கருவியை முதன்மைப் பணிக்குக் கொள்ளுதல் கூடாது. ஐந்தாவதில் தவறினால் துணைப்பணிக்கு மட்டும் கொள்ளலாம்.

முடிவுரை

• கருவியின் விலையும் புதுமையும் அன்று, அது உருவாக்கும் கோப்பின் இயல்பே தெரிவுக்கு அடிப்படை.

• ஒருங்குறி இன்றியமையாதது. எனினும் ஸ்ரீ, ஔகாரம் முதலியவற்றில் சீர்மை காப்பது ஆய்வாளரின் கடமை.

• எழுத்துணரி மெய்ப்பாளருக்கு மாற்றாகாது. சுருக்கிய ஒலிக்கோப்பு மூலப்பதிவுக்கு மாற்றாகாது.

• தகவலாளியின் நம்பிக்கையைக் காப்பதும் கருவித் தெரிவின் ஒரு கூறாகும்.

தன் ஊர்ப்பெயரைத் தன் கோப்புகளிலேயே முழுமையாகத் தேடியெடுக்க இயலாத வட்டார ஆய்வு, அடுத்த தலைமுறைக்குப் பயன்படுதல் அரிது. இன்று சில மணிநேரம் செலவிட்டுச் செய்யும் சோதனையும் சீராக்கமும், பல ஆண்டு உழைப்பைப் பின்வருவோர் கையில் சேர்க்கும்.