முத்துப் பார்களும் கடலடிப் படமும்

கடலின் மேற்பரப்பு எங்கும் ஒரே தன்மையதாய்த் தோன்றினும், அதன் அடித்தளம் அத்தகையதன்று. மணல், சேறு, பாறை, கடற்புல் எனத் தளம் வேறுபடுந்தோறும் ஆங்கு வாழும் உயிர்களும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை வரைந்து காட்டுவதே கடலடி வாழிடப் படமாகும். ஆழத்தை மாத்திரம் குறிக்கும் மாலுமிப் படம் இதற்குப் போதாது.

மன்னார்க் குடாவின் இலங்கைக் கரை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு மேற்கே, பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில், முத்துச் சிப்பிகள் பற்றி வளரும் வன்றளங்கள் உள. முத்துக் குளிப்போர் இவற்றைப் 'பார்' என அழைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் இட்டனர். கடலடியைப் பகுத்தறியும் முயற்சி அவர்களிடமே தொடங்கியது எனலாம்.

1902 ஆம் ஆண்டில், அரசாங்கத்தின் வேண்டுகோட்படி, லிவர்ப்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் என்பார் ஹோர்னெல் என்பவரைத் துணைகொண்டு இப்பார்களை ஆராய்ந்தார். சுழியோடிகளை இறக்கியும், வாரு கருவியால் அடிமண்ணையும் உயிர்களையும் எடுத்தும் கண்ட முடிபுகள், 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டன் றோயல் சங்கத்தால் வெளியிடப்பட்டன.

அவற்றுள் பெரிய பாரைப் பற்றிய முடிபு சிந்திக்கற்பாலது. கரையினின்றும் ஏறக்குறைய இருபது மைல் தொலைவிலுள்ள அப்பாரில் இளஞ்சிப்பிகள் அளவின்றித் தோன்றும். அவையே உட்பார்களை நிரப்புகின்றன எனக் கருதிய மக்கள், அதனைத் தாய்ப்பார் என்றனர். ஆராய்ச்சியோ அக்கருத்துக்கு ஆதாரமின்மையைக் காட்டிற்று. பெருங்கடலாழத்தின் விளிம்பை அடுத்து, சோழகக் காற்றின் அலைக்கு நேரே கிடக்கும் அத்தளத்தில், இளஞ்சிப்பிகள் முதிருமுன்னரே அழிந்தொழிந்தன. ஆதலின் அவற்றைப் பாதுகாப்பான உட்பார்களுக்குப் பெயர்த்தல் வேண்டுமென ஹேர்ட்மன் எடுத்துரைத்தார். ஓருயிர் தோன்றும் இடம் வேறு, அது நிலைத்து வளரும் இடம் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இன்று எதிரொலிமானி கடலடியின் மேடுபள்ளங்களை விரைவில் வரைகிறது. தெளிந்த ஆழமில் கடலைச் செய்மதிப் படங்களும் காட்டுகின்றன. எனினும், ஒலி பாறையைக் காட்டுமேயன்றி, அதிற் பற்றியிருப்பது சிப்பியோ பவளமோ என உரையாது. அதனை அறியச் சுழியோடியோ நீரடி நிழற்படக் கருவியோ இறங்குதல் இன்றும் இன்றியமையாதது. அவ்வாறு அறியப்படாத தளம் வெறும் மணலென எண்ணப்பட்டு, இழுவை வலைக்கும் மண்ணகழ்வுக்கும் இரையாகும். அழிந்தபின் வரையும் படம் இழப்பின் கணக்காகுமேயன்றிக் காவலாகாது.