ஊசிக்குள் இருக்கும் சீனி

சென்ற மாதம் எங்கள் ஊர்த் தாய்சேய் சிகிச்சை நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள். நிறை பார்க்கும் தராசடியில் உதவிக்கு நின்றேன். எனக்கு நன்கு பழக்கமான ஒரு அம்மா தன் மகளையும் இரண்டு மாதப் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வரிசையில் நின்றபடியே என் காதுக்குள் கேட்டார்:

"ரீச்சர், உந்த ஊசிக்குள்ள என்ன கிடக்கு? முந்தி உதால பிள்ளையள் செத்ததெண்டு கதைச்சவை. எனக்கு மனம் ஏவுதில்லை."

"அதுக்குள்ள கிடக்கிறதில ஒண்டு சீனி அக்கா" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. பகிடி விடுகிறேன் என்றுதான் நினைத்தார். பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் இரசாயனம் படிப்பித்தவள் நான். அன்றைக்கு வரிசையில் நின்றபடி சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன்.

சீனி என்றதும் எமக்குத் தேநீரும் சீனி வருத்தமும்தான் நினைவுக்கு வரும். இரசாயனத்தில் அது ஒரு பெரிய குடும்பம். காபோவைதரேற்று என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சோறு, மா, பழம், பருத்தித் துணி, மரக்கட்டை எல்லாமே அந்தக் குடும்பம்தான். எமது உடம்பின் ஒவ்வொரு கலத்தின் மேலும் சீனிச் சங்கிலிகள் மயிர்போல் முளைத்து நிற்கின்றன. கலங்கள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதற்கு அவையும் உதவுகின்றன. பிள்ளைப்பேற்றுக்குப் போகும்போது இரத்த வகை கேட்கிறார்களே, ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வித்தியாசம், செங்கலத்தின் மேலுள்ள சங்கிலி நுனியில் ஒட்டியிருக்கும் ஒரேயொரு சீனிதான். அந்த ஒரு சீனி மாறிய இரத்தத்தை ஏற்றினால் உயிரே போகலாம்.

கிருமிகளும் சீனியைப் போர்த்திக்கொண்டு வருகின்றன. எமது உடம்பின் காவற்கலங்கள் பிடித்து விழுங்காமல் இருக்கச் சில பற்றீரியாக்கள் தம்மைச் சுற்றிச் சீனியால் ஒரு உறை போட்டுக்கொள்ளும். அவற்றில் ஒன்று ஹீமோபிலஸ் இன்புளுவன்சா வகை பி. சுருக்கமாக ஹிப் என்பார்கள். பெயரில் இன்புளுவன்சா இருந்தாலும் தடிமன் காய்ச்சலைத் தரும் வைரசு வேறு, இது வேறு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையே இது பெரும்பாலும் பிடிக்கிறது. நியூமோனியா வரும், மூளையைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி வரும். 2000ஆம் ஆண்டளவில் உலகம் முழுவதும் ஆண்டுக்கு மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதனால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மூளை உறை அழற்சியிலிருந்து தப்பும் பிள்ளைகளிலும் சிலருக்குக் காது கேளாமற் போகும், சிலருக்கு வலிப்பு நிற்காது.

இந்த உறைச் சீனியையே பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டால் உடம்பு முன்கூட்டியே பழகிக்கொள்ளாதா என்று ஆராய்ந்தவர்கள் 1985இல் அமெரிக்காவில் அப்படியொரு ஊசியைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்குத்தான் சரிவந்தது. நோய் கூடுதலாக வருவதோ அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு. கைக்குழந்தையின் உடம்பு வெறும் சீனியைக் கண்டு விழிப்பதில்லை, புரதத்தைக் கண்டால் விழிக்கும். ஆகவே சீனியைப் புரதத்தோடு இரசாயன முறையில் கட்டிவிட்டார்கள். இந்த யோசனை 1929இலேயே ஏவரி, கோபல் என்ற இருவர் முயல்களில் செய்த வேலையில் இருந்தது. ஐம்பது வருடமளவில் கிடப்பில் கிடந்த அதனைப் பிள்ளைகளுக்கான மருந்தாக்கியவர்கள் நால்வர். அவர்களில் ரேச்சல் ஷ்னீர்சன் என்பவர் ஒரு பெண் மருத்துவர். 1990இல் இரண்டு மாதக் குழந்தைக்கே போடக்கூடிய ஊசி அமெரிக்காவில் வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 பிள்ளைகளை வருத்திய நோய் அங்கே நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

1990 என்ற ஆண்டை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. 1996இல் நாங்கள் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். பக்கத்துத் தறப்பாளில் ஒன்றரை வயதுப் பெண்பிள்ளை. இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் கழுத்து விறைத்துப் பிள்ளை வளைந்துவிட்டது. தாய் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிள்ளை பிழைத்தது. ஒரு மாதம் கழித்து, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று கண்டார்கள். எந்தக் கிருமி என்று சோதித்துப் பார்க்க அன்றைக்கு வசதி இருக்கவில்லை. ஆதலால் ஹிப்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வயதில் அப்படி வரும் நோய்க்கு அது ஒரு முக்கிய காரணம். பணக்கார நாடுகளில் அந்த ஊசி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எமது நாட்டின் இலவச ஊசிகளில் அது சேர்ந்தது 2008இல்தான்.

ஏன் இவ்வளவு சுணக்கம்? விலை ஒரு காரணம். கிருமியைப் பெருந்தொகையாக வளர்த்து, அதன் உறையைப் பிரித்து, சுத்தமாக்கி, புரதத்தோடு கட்ட வேண்டும். செலவு கூடியது. இந்த இடத்தில்தான் கியூபாவின் கதை வருகிறது.

கியூபா சிறிய தீவு. அமெரிக்காவின் பொருளாதாரத் தடைக்குள் பல பத்தாண்டுகளாக இருக்கும் நாடு. தடை என்றால் என்ன என்று எமக்கு எவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெளிநாட்டு ஊசியைத் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் வாங்க அந்த நாட்டுக்கு வசதி போதவில்லை. ஹவானா பல்கலைக்கழகத்தில் விசென்ரே வேரெஸ் பென்கோமோ என்ற இரசாயனவியலாளரும் அவரது குழுவினரும், கிருமியே இல்லாமல் அந்தச் சீனிச் சங்கிலியை ஆய்வுகூடத்திலேயே செய்துவிடலாம் என்று இறங்கினார்கள். கனடாவின் ரெனே றோய் துணை நின்றார்.

சீனியைக் கட்டுவது லேசான வேலையல்ல. ஒரு சீனி மூலக்கூறில் ஒரேமாதிரியான கைகள் பல உண்டு. ஐதரொட்சில் கூட்டம் என்று உயர்தர வகுப்பில் படிப்பிப்போம். இந்தக் கையை மட்டும் அடுத்த சீனியோடு கோர்க்க வேண்டும் என்றால் மற்றக் கைகளும் நானும் நானும் என்று வரும். எங்கள் ஊரில் பத்திக் பழகிய பெண்களுக்கு இது உடனே விளங்கும். சாயம் பிடிக்கக் கூடாத இடத்துக்கு மெழுகு பூசி மறைக்கிறோம். மற்ற இடத்தில் சாயம் ஏற்றுகிறோம். பிறகு கொதிநீரில் போட்டு மெழுகை உருக்கி எடுக்கிறோம். இரசாயனவியலாளரும் அதையேதான் செய்கிறார். வேண்டாத கைகளுக்கு ஒவ்வொரு மூடி போட்டு, வேண்டிய கையைக் கோர்த்து, பின்னர் மூடியைக் கழற்றுகிறார். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் சேதாரம். படிகள் கூடக்கூடக் கடைசியில் கையில் மிஞ்சுவது சொட்டுத்தான்.

ஹிப் உறையின் மணி ஒவ்வொன்றும் றைபோசு என்ற சீனியும் அதன் உறவான றைபிற்றோலும் பொசுபேற்றும் சேர்ந்தது. மணிகளை ஒவ்வொன்றாகக் கோர்த்தால் ஊசி கட்டுப்படியாகாது. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒவ்வொரு மணியையும் ஒரு பக்கம் கொளுவியும் மறுபக்கம் வளையமுமாகச் செய்து ஒரே பாத்திரத்தில் விட்டார்கள். மணிகள் தாமாகவே ஏழெட்டாகக் கோர்த்துக்கொண்டன. அந்தச் சிறு சங்கிலியை ஏற்பு ஊசியில் உள்ள புரதத்தோடு கட்டினார்கள். குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தபோது 99.7 சதவீதமானோரில் நோயைத் தடுக்கப் போதுமான எதிர்ப்புச் சக்தி வந்தது. 2004 ஜூலையில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இதனை வெளியிட்டார்கள். கட்டுரையில் வேரெஸுக்கு அடுத்த பெயர் வியோலெட்டா பெர்னாண்டஸ் சந்தானா, ஒரு பெண். மனிதர்க்குப் பயன்பட்ட முதலாவது செயற்கைச் சீனித் தடுப்பூசி அது. அதே ஆண்டில் கியூபாவின் குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கினார்கள். 2005இல் ஒரு பரிசைப் பெற அமெரிக்கா போக வேரெஸுக்கு விசா கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

உலகில் போடப்படும் ஹிப் ஊசிகளில் பெரும்பாலானவை இன்றும் கிருமியை வளர்த்துப் பிரித்த சீனியைக் கொண்டவைதான். வழியொன்று திறந்தது என்பதே பெரிய காரியம். இரத்தம் கட்டிபடாமல் தடுக்கும் ஹெப்பரினும் சீனிச் சங்கிலிதான். பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். 2008இல் அதில் கலப்படம் நேர்ந்து வெளிநாடுகளில் நோயாளர் இறந்தார்கள். அதே வேலையைச் செய்ய, ஐந்து சீனிகளை மட்டும் ஆய்வுகூடத்தில் கோர்த்த மருந்தொன்று 2001 முதல் இருக்கிறது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியிலும் குளுக்கோசு இருப்பது இனிப்புக்காக அல்ல. குடலில் அது உப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகும், தண்ணீரும் பின்னால் போகும்.

இனி, அந்த அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அவர் கேள்விப்பட்டது பொய்யல்ல. 2008இல் ஐந்து நோய்களுக்கும் ஒன்றாகப் போடும் ஊசி இங்கு வந்தபின் சில குழந்தைகள் இறந்ததாக அறிக்கைகள் வந்தன. ஊசியை நிறுத்தினார்கள். வெளி நிபுணர்களும் வந்து ஆராய்ந்தார்கள். இறப்புகளுக்கு ஊசிதான் காரணம் என்று காணப்படவில்லை. 2010இல் மீண்டும் தொடங்கினார்கள். நிறுத்தியதும் ஆராய்ந்ததும் சரியான வேலை என்றே நான் நினைக்கிறேன். கேட்கும் தாயை அதட்டுவதுதான் பிழை. ஊசி போட்டபின் இலேசான காய்ச்சல், போட்ட இடத்தில் வீக்கம் வரலாம். வலிப்பு வந்தாலோ, பிள்ளை சோர்ந்து துவண்டாலோ, மணிக்கணக்காக ஓயாமல் அழுதாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போன தடவை அப்படி ஏதும் நடந்திருந்தால் அடுத்த ஊசிக்கு முன் மிஸ்ஸியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அன்றைக்கு வரிசை நகர்ந்தது. அம்மா மகளின் முதுகைத் தட்டினார். மகள் திரும்பித் தாயின் உதட்டைப் பார்த்தாள். "போடுவம்" என்றார் அம்மா. ஊசி ஏறியதும் பேரன் வீரிட்டான். மகள் அவன் முகத்தைக் கண்டுதான் அழுகிறான் என்று அறிந்து, தூக்கித் தோளில் போட்டாள். 1996இல் அந்தத் தறப்பாளுக்குள் வளைந்து கிடந்த பிள்ளை அவள்தான். அடுத்த ஊசி நாலாம் மாதம் என்று மிஸ்ஸி அட்டையில் எழுதிக் கொடுத்தார்.